ஸ்கேனில் தெரியாத வலி

அனகாபுத்தூர் கடைத்தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் எந்த மருந்துக்கடை வாசலில் நின்றாலும் ஒரு குரல் காதில் விழும்: "அண்ணே, தலைவலிக்கு ரெண்டு குடுங்க." சீட்டு கிடையாது, மாத்திரையின் பெயரும் கிடையாது. கடைக்காரரும் கேட்பதில்லை. அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்து நீட்டுகிறார். வாங்குகிறவர் தறியிலிருந்து எழுந்து வந்த நெசவாளராக இருக்கலாம். நாகல்கேணியில் தோல் பதனிடும் வேலையை முடித்து வந்தவராகவோ, ரேடியல் ரோடு வழியாகத் துரைப்பாக்கம் போய்த் திரும்பிய கம்ப்யூட்டர் வேலைக்காரராகவோ இருக்கலாம். காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்து இன்னும் உட்காராத குடும்பத் தலைவியாகவும் இருக்கலாம்.

இவர்களில் பலர் டாக்டரிடம் போகாதவர்கள் இல்லை. கண் பரிசோதனை ஆயிற்று, கண்ணாடியும் போட்டாயிற்று. சைனஸ் இருக்குமோ என்று மூக்கையும் பார்த்தாயிற்று. நகையை அடகு வைத்து ஸ்கேனும் எடுத்தாயிற்று. எல்லாம் நார்மல். "ஒண்ணும் இல்லேங்கறாங்க. அப்ப ஏன் வலிக்குது?" என்று கேட்டால், "டென்ஷனைக் குறைங்க" என்று பதில் வருகிறது. எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்வதில்லை.

இந்த அத்தியாயம் அந்த 'எப்படி'யைப் பற்றியது. தலைக்குள் பழுது ஏதும் இல்லாதபோது வலி எங்கிருந்து வருகிறது? மருந்தே இல்லாமல், கற்றுக்கொண்டு செய்யும் பயிற்சியால் அந்த வலி குறையுமா? குறையும் என்றால் எவ்வளவு, எத்தனை பேருக்கு?

எந்தத் தலைவலி?

தலைவலிகளில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. நாம் பேசப்போவது ஒன்றைத்தான். அது தலையின் இரு பக்கமும் வலிக்கும். தெறிக்காது, துடிக்காது, நெற்றியைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியதுபோல அழுத்தும். மாடிப்படி ஏறினால் அதிகமாகாது. வாந்தி வராது. வேலையைச் செய்யவிடும், நிம்மதியாகச் செய்யவிடாது. இதை 'இறுக்கத் தலைவலி' என்று அழைப்போம். ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேன் வேறு. அது பெரும்பாலும் ஒரு பக்கமாகத் தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, ஆளைப் படுக்கவைத்துவிடும்.

பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் 1988-இல் தலைவலிகளை முதன்முறையாக வகைப்படுத்தியது. அதன் மூன்றாம் பதிப்பு 2018-இல் வந்தது. அதன் கணக்குப்படி இறுக்கத் தலைவலி மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால் அது நாள்பட்டது. அதாவது வலி இருக்கும் நாட்கள் வலி இல்லாத நாட்களை எட்டிப்பிடித்துவிட்ட நிலை.

பெங்களூரு நகரத்திலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் 18 முதல் 65 வயது வரையிலான 2,300-க்கும் மேற்பட்டோரிடம் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் குருராஜும் அவருடைய குழுவினரும் வீடு வீடாகக் கேட்டு 2014-இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். முந்தைய ஓராண்டில் தலைவலி வந்ததாகச் சொன்னவர்கள் 60 விழுக்காட்டுக்கும் மேல். மூன்றில் ஒருவருக்கு வந்தது இறுக்கத் தலைவலி. நான்கில் ஒருவருக்கு மைக்ரேன். இறுக்கத் தலைவலிக்காரர்களில் பெரும்பாலோருக்கு அது எப்போதாவது வந்து போவது. நாள்பட்ட நிலைக்குப் போகிறவர்கள் சிறுபான்மையினர்தான். ஆனால் அவர்கள் படும் பாடு பெரிது.

மேலே போவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. திடீரென இடி விழுந்தாற்போல் வரும் வலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் வலி, கை கால் பலவீனத்தோடோ பேச்சுக் குழறலோடோ வரும் வலி, தலையில் அடிபட்ட பின் வரும் வலி, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வலி - இவற்றில் எதுவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இங்கே எழுதியிருப்பது எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

கழுத்தா, தலையா?

தறிக்காரரிடம் கேட்டால் காரணம் தயாராக இருக்கும்: "நாள் பூரா குனிஞ்சே இருக்கோம், கழுத்து நரம்பு இழுத்துப் பிடிச்சு தலைக்கு ஏறுது." அனகாபுத்தூர் ஒரு காலத்தில் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்' எனப்படும் கட்டம் போட்ட துணியை நைஜீரியாவுக்காக நெய்த ஊர். 1970-களில் அந்த நாடு இறக்குமதிக்குத் தடை போட்டதும் தொழில் சரிந்தது. எஞ்சியவர்களில் ஒரு குழு சணல், வாழைநார் போன்ற இயற்கை இழைகளுக்கு மாறியது. வாழைநாரைத் தறியில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓடிக்கொண்டே இருக்கும் நூல் அன்று. மட்டையின் நீளம்தான் நாரின் நீளம். ஒரு நாரின் முனையை அடுத்த நாரோடு முடிச்சுப் போட்டுப் போட்டுத்தான் இழையாக்க வேண்டும். முடிச்சு துணியில் தெரியக் கூடாது. கண் இழையிலேயே நிற்கும், தோள் மேலேறும், பல் கடித்துக்கொள்ளும். தனக்கு அப்படி ஆகிறது என்பது நெய்கிறவருக்குத் தெரியாது.

ஆக, தசை இறுகுகிறது, அதனால் வலிக்கிறது என்பது நம்பத் தகுந்த விளக்கம். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். நோயின் பெயரிலேயே 'டென்ஷன்' ஏறியது. சிகாகோவில் பணியாற்றிய எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1929-இல் ஒரு நூல் எழுதினார். உடலின் தசைகளை ஒவ்வொரு தொகுதியாக வேண்டுமென்றே இறுக்கி, பிறகு விட்டு, இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வேறுபாட்டை உணரக் கற்றுத்தரும் முறை அது. இன்று உலகம் முழுவதும் சொல்லித்தரப்படும் தசைத் தளர்வுப் பயிற்சிக்கு அதுவே மூலம்.

1970-இல் அமெரிக்காவின் கொலராடோவில் புட்ஜின்ஸ்கி, ஸ்டோய்வா, ஆட்லர் என்ற மூவர் இதில் ஒரு கருவியைச் சேர்த்தார்கள். நெற்றியில் மின்முனைகளை ஒட்டி, நெற்றித் தசையின் மின் அலைகளை அளந்து, அதை ஒலியாக மாற்றிக் காதில் கேட்கவைத்தார்கள். தசை இறுகினால் ஒலி உயரும், தளர்ந்தால் தாழும். ஒலியைத் தாழ்த்தப் பழகு, அவ்வளவுதான் பாடம். இதற்குப் பயோஃபீட்பேக் என்று பெயர். தமிழில் 'உடற்பின்னூட்டம்' என்போம். உடல் என்ன செய்கிறது என்பதை உடலின் சொந்தக்காரருக்கே திருப்பிச் சொல்வது. பயிற்சி எடுத்தவர்களுக்குத் தலைவலி குறைந்தது. தசை தளர்ந்தது, வலி குறைந்தது. கதை முடிந்துவிட்டது என்றே தோன்றியது.

பொய் சொன்ன திரை

முடியவில்லை. கணக்கு ஓரிடத்தில் இடித்தது. தசை நன்றாகத் தளர்ந்த சிலருக்கு வலி குறையவில்லை. தசை அவ்வளவாகத் தளராத சிலருக்கு வலி வெகுவாகக் குறைந்தது. அப்படியானால் வேலை செய்வது எது?

ஒகையோ பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கென்னத் ஹோல்ராய்டும் சக ஆய்வாளர்களும் 1984-இல் வெளியிட்ட சோதனை இதை நேராகக் கேட்டது. தலைவலி ஆராய்ச்சியில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான சோதனையை நான் படித்ததில்லை என்பதால் நிதானமாகவே சொல்கிறேன்.

அடிக்கடி இறுக்கத் தலைவலி வரும் 43 பேரைச் சேர்த்தார்கள். நெற்றித் தசையைத் தளர்த்தும் பயிற்சி தரப்போகிறோம் என்று எல்லாரிடமும் சொன்னார்கள். அது பாதி உண்மைதான். ஒரு பாதிப் பேருக்குக் கருவி நிஜமாகவே தளர்த்தக் கற்றுக்கொடுத்தது. மறு பாதிப் பேருக்குக் கருவியைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். 'சரியாகச் செய்கிறாய்' என்ற சைகை தசை இறுகும்போது வந்தது. அவர்கள் தளர்த்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு இறுக்கக் கற்றார்கள்.

அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாகப் பிரித்தார்கள். முன்னேற்றத்தைக் காட்ட ஒரு திரை இருந்தது; அதில் வந்தது முன்கூட்டியே தயாரித்த பொய்க் கணக்கு. ஒரு பிரிவினரிடம் திரை, 'மிகப் பெரிய அளவில் தளர்த்திவிட்டீர்கள்' என்று காட்டியது. மற்றப் பிரிவினரிடம் 'சுமாராகத் தளர்த்தியிருக்கிறீர்கள்' என்று காட்டியது. ஆக மொத்தம் நான்கு குழுக்கள்: தளர்த்தக் கற்று நல்ல பெயர் வாங்கியவர்கள், தளர்த்தக் கற்றுச் சுமாரான பெயர் வாங்கியவர்கள், இறுக்கக் கற்று நல்ல பெயர் வாங்கியவர்கள், இறுக்கக் கற்றுச் சுமாரான பெயர் வாங்கியவர்கள்.

தசைதான் காரணம் என்றால் முதல் இரண்டு குழுவினருக்கு வலி குறைய வேண்டும், பின் இரண்டு குழுவினருக்குக் கூட வேண்டும். நடந்தது அதுவன்று. திரை யாரை மெச்சியதோ அவர்களுக்கு வலி சராசரியாக 53 விழுக்காடு குறைந்தது. சுமார் என்று சொல்லப்பட்டவர்களுக்கு 26 விழுக்காடுதான் குறைந்தது. தசை தளர்ந்ததா இறுகியதா என்பது முடிவை மாற்றவில்லை. மாற்றியது வேறொன்று. 'இந்த வலி என் கைக்கு அடங்குவது, என்னால் இதில் ஏதாவது செய்ய முடியும்' என்ற எண்ணம் பயிற்சியின்போது யாருக்கு எவ்வளவு வளர்ந்ததோ, பிறகு அவருக்கு அவ்வளவு வலி குறைந்தது.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் இந்த எண்ணத்துக்கு ஒரு கோட்பாடு வகுத்திருந்தார். தமிழில் 'தற்திறன் நம்பிக்கை' எனலாம். பொதுவான தன்னம்பிக்கையிலிருந்து இது வேறுபடும். குறிப்பிட்ட ஒரு காரியத்தை, குறிப்பிட்ட ஒரு சூழலில், தன்னால் செய்ய முடியும் என்ற கணிப்பு இது. செய்து பார்த்து வென்ற அனுபவம்தான் இதை வளர்க்கும் முதல் உரம் என்பது அவர் கண்டது.

இந்தச் சோதனையை வைத்து 'தலைவலி வெறும் மனப்பிரமை' என்று யாராவது சொன்னால் அது தவறான வாசிப்பு. 43 பேரை வைத்துச் செய்த சிறு சோதனை இது. கழுத்துத் தசைக்குப் பங்கே இல்லை என்று அது நிறுவவும் இல்லை. வலி குறைந்தது நிஜம், குறைவதற்கு முன் இருந்ததும் நிஜம். நாம் கேட்க வேண்டியது, நம்பிக்கை எந்த வழியாக வலியைத் தொடுகிறது என்பதைத்தான்.

விரலை அழுத்தியபோது

அதற்கான தடயம் டென்மார்க்கிலிருந்து வந்தது. கோபன்ஹேகன் அருகே குளோஸ்ட்ரப் மருத்துவமனையில் லார்ஸ் பெண்ட்சன், ரிக்மோர் யென்சன் முதலானோர் நாள்பட்ட இறுக்கத் தலைவலிக்காரர்களின் விரலைக் கருவியால் அழுத்திப் பார்த்தார்கள். தலையை அன்று, விரலை. எவ்வளவு அழுத்தத்தில் வலிக்கத் தொடங்குகிறது என்று அளந்தார்கள். 1996-இல் வெளியான முடிவு: தலைவலி இல்லாதவர்களைவிட இவர்களுக்குக் குறைந்த அழுத்தத்திலேயே விரல் வலித்தது.

விரலுக்கும் தலைவலிக்கும் என்ன தொடர்பு? விரலில் கோளாறு ஏதும் இல்லை. விரலிலிருந்தும் தலையிலிருந்தும் வரும் செய்திகளைக் கேட்டு 'இது வலி' என்று முடிவு கட்டும் மைய நரம்பு மண்டலமே உணர்வு கூடிப் போயிருக்கிறது. தசையிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும் சின்னச் சின்னச் செய்திகள் தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள வலி நரம்புகளைக் கூர்மையாக்கிவிடுகின்றன. இதை 'மைய மிகையுணர்வு' என்போம். ரேடியோவில் ஒலிக் குமிழை யாரோ முழுக்கத் திருகிவிட்டால் மெல்லிய இரைச்சலும் அலறலாகக் கேட்கும் அல்லவா, அப்படித்தான். ஸ்கேன் காட்டுவது உறுப்பின் உருவத்தை. குமிழ் எவ்வளவு திருகியிருக்கிறது என்பது அதில் விழாது. "எல்லாம் நார்மல்" என்ற ரிப்போர்ட்டும் உண்மை, வலியும் உண்மை.

அந்தக் குமிழ் மூளையின் கைக்கு எட்டுவது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. வலிச் செய்திகள் தண்டுவடத்தில் ஒரு வாயிலைத் தாண்டித்தான் மேலே போகின்றன, அந்த வாயிலை மேலிருந்தும் மூட முடியும் என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-இல் முன்வைத்தார்கள். அவர்கள் வரைந்த விவரங்களில் சில பிறகு மாறின. ஆனால் மூளைத்தண்டிலிருந்து கீழே இறங்கும் நரம்புப் பாதைகள் வலியைத் தணிக்கவும் கூட்டவும் செய்கின்றன என்பது உறுதியாயிற்று. தூக்கமின்மை, தீராத கவலை, 'நாளைக்கும் வந்துவிடுமோ' என்ற பயம் ஆகியவை கூட்டும் பக்கம் இழுக்கின்றன. தளர்வும், நல்ல தூக்கமும், சமாளிக்கலாம் என்ற கணிப்பும் தணிக்கும் பக்கம் இழுக்கின்றன.

கூட்டும் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு, அது மருந்துக்கடையில் கத்தரித்துத் தரப்படும் அந்த இரண்டு மாத்திரை. சாதாரண வலிமாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபீன் முதலியவை கலந்த கூட்டு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால், மாத்திரையே தலைவலியை வரவழைக்கத் தொடங்கும். கடையில் கேட்டு வாங்கும் தலைவலி மாத்திரைகளில் பல இந்தக் கூட்டு வகை. வலிக்கிறது, போடுகிறோம், இறங்குகிறது, அடுத்த நாள் முன்னைவிடச் சீக்கிரமாக வலிக்கிறது. இந்தச் சுழலில் இருப்பவர் மருத்துவரின் துணையோடு மாத்திரையைக் குறைக்காமல் எந்தப் பயிற்சியும் முழுப் பலன் தராது. தைலத்துக்கு இந்தக் குற்றம் இல்லை. 1893-இல் பம்பாயில் பிறந்து 1914-இல் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சன் இன்னும் நம் வீட்டு மாடத்தில் இருப்பதில் தவறொன்றும் இல்லை. அது தருவது சற்று நேரத்து ஆறுதல்.

203 பேர், நான்கு வழி

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். எவ்வளவு பேருக்குப் பலிக்கிறது?

அதே ஹோல்ராய்ட், 1995 முதல் 1998 வரை ஒகையோ மாநிலத்தில் இரண்டு மருத்துவ மையங்களில் நடத்தி, 2001-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வு இன்றும் இந்தத் துறையின் அளவுகோல். வயது வந்தவர்கள் 203 பேர். சராசரி வயது 37; நான்கில் மூன்று பேர் பெண்கள். மாதத்துக்குச் சராசரியாக 26 நாள் தலைவலி. அதாவது வலியில்லாத நாள் மாதத்துக்கு நான்கு.

யாருக்கு எது என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். 53 பேருக்கு அமிட்ரிப்டிலின் அல்லது நார்ட்ரிப்டிலின் மாத்திரை. இவை மனச்சோர்வுக்காக வந்த பழைய மருந்துகள். நாள்பட்ட வலியைத் தடுக்கவும் உதவுபவை. 48 பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 49 பேருக்குப் போலி மாத்திரையோடு மன அழுத்தத்தைக் கையாளும் பயிற்சி. மீதி 53 பேருக்கு நிஜ மாத்திரையும் பயிற்சியும். பயிற்சிக் குழுவுக்கும் போலி மாத்திரை கொடுத்ததைக் கவனியுங்கள். 'எனக்கு மாத்திரையே தரவில்லை' என்ற மனக்குறை எந்தக் குழுவிலும் கணக்கைக் குழப்பக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

வலியை எப்படி அளப்பது? ஒவ்வொருவர் கையிலும் ஒரு குறிப்பேடு. ஒரு நாளைக்கு நான்கு முறை, 0 முதல் 10 வரை ஓர் எண். ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். காலையில் 2, மதியம் 3, மாலை 5, படுக்கும்போது 2 என்று ஒருவர் எழுதினால் கூட்டுத்தொகை 12, அன்றைய சராசரி 3. மாதம் முழுவதற்கும் இப்படிக் கூட்டிச் சராசரி எடுத்தால் அவருடைய வலி மதிப்பெண் கிடைக்கும். சிகிச்சை தொடங்கும்போது 3 ஆக இருந்தது பிறகு 1.5 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் 'பாதிக்கு மேல் குறைந்தது' என்று கணக்கு. வலி அறவே போய்விட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. மாலை 5 என்று எழுதியவர் 2 என்று எழுதுகிறார். ஒன்றும் இல்லாத மதியங்கள் வருகின்றன. மாதம் 26 நாள் வலியோடு இருந்தவரிடம் கேளுங்கள், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்.

வலி பாதிக்கு மேல் குறைந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? போலி மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 29. பயிற்சி பெற்றவர்களில் 35. நிஜ மாத்திரை எடுத்தவர்களில் 38. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 64.

இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் பயிற்சியும் மருந்தும் போலி மாத்திரையைவிட ஒரு படிதான் மேலே நிற்கின்றன. பாதிக்கு மேல் குறைய வேண்டும் என்ற கடுமையான அளவுகோலில் வேறுபாடு சிறிது. மொத்த வலி, வலிமாத்திரைப் பயன்பாடு, வலியால் கெடும் அன்றாட வேலை என்று சராசரிகளைப் பார்த்தால் இரண்டும் போலியைத் தெளிவாக வென்றன. பயிற்சி மட்டுமே எல்லாருக்கும் போதும் என்று விற்பவர்களை நான் நம்பாததற்கு இந்த 35 காரணம். மருந்து ஒன்றே வழி என்பவர்களுக்கு அந்த 38 பதில் சொல்லும். இரண்டும் சேரும்போது மூவரில் இருவருக்கு வலி பாதியாகிறது. மருந்து வேதியியல் வழியில் குமிழைத் திருப்புகிறது. பயிற்சி, அதை மறுபடி ஏற்றிவிடும் பழக்கங்களைப் பிடிக்கிறது. சேர்ந்து பலிப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

இன்னொரு வேறுபாடும் தெரிந்தது. மருந்து சீக்கிரம் பலித்தது. பயிற்சி மெதுவாகப் பலித்து, ஆறாம் மாதத்துக்குள் மருந்தை எட்டியது.

உடற்பின்னூட்டத்துக்கு வேறு கணக்கு உண்டு. ஜெர்மனியின் இவோன் நெஸ்டோரியுக்கும் சக ஆய்வாளர்களும் 2008-இல் 53 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இறுக்கத் தலைவலியில் அதன் பலன் நடுத்தரத்துக்கு மேல் என்றும், சராசரியாக 15 மாதம் கழித்துப் பார்த்தபோதும் அது கரையவில்லை என்றும் கண்டார்கள். தளர்வுப் பயிற்சியோடு சேர்த்தபோது பலன் கூடியது.

மூன்று அமர்வில் என்ன நடக்கிறது?

ஹோல்ராய்டின் 2001 ஆய்வில் பயிற்சி என்பது மூன்றே நேரடி அமர்வுகள், நடுவே இரண்டு தொலைபேசி அழைப்புகள். மீதியெல்லாம் வீட்டில், கேசட்டையும் பயிற்சி ஏட்டையும் வைத்துக்கொண்டு செய்தவை. அதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம். அனகாபுத்தூரில் தறி ஓட்டும் நாற்பது வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம்.

முதல் அமர்வில் அவருக்குக் கிடைப்பது தசைத் தளர்வு. வலது கையை முட்டியாக இறுக்கச் சொல்கிறார் பயிற்சியாளர். ஐந்தாறு நொடி. முன்கை விறைப்பதைக் கவனிக்கச் சொல்கிறார். "இப்ப விட்டுடுங்கம்மா." விரல்கள் தாமாக விரிகின்றன, அரை நிமிடம் அப்படியே. கையில் ஏதோ கதகதப்பாகப் பரவுவதுபோல் இருக்கிறது. அடுத்து இடது கை, தோள், பிறகு முகம். புருவத்தை நெறித்து விடுவது, கண்ணை இறுக மூடி விடுவது, பல்லைக் கடித்து விடுவது. தாடையில் வந்ததும் அவர் நிற்கிறார். பல்லைக் கடிப்பதற்கும் சாதாரணமாக வைத்திருப்பதற்கும் அவருக்கு வேறுபாடு தெரியவில்லை. சாதாரணம் என்று அவர் நினைத்திருந்ததே கடித்த நிலைதான். இதைக் கண்டுபிடிப்பதே முதல் வாரத்தின் வேலை. தினமும் இருபது நிமிடம், வீட்டில், படுக்கப் போகும் முன்.

பழகப் பழகப் பயிற்சியைச் சுருக்குகிறார்கள். தசைகளை ஒன்றொன்றாக இறுக்காமல், ஒரு மூச்சை விடும்போதே தோளும் தாடையும் இறங்கிவிடும் அளவுக்கு. நார் அறுந்து முடிச்சுப் போட நிற்கும் அந்தச் சில நொடிகளே அவருக்கு நினைவூட்டல். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

அடுத்த அமர்வுகள் எண்ணங்களைப் பற்றியவை. குறிப்பேட்டைப் பார்த்தால் வியாழன் தோறும் மாலையில் வலி ஏறுவது தெரிகிறது. வெள்ளிக்கிழமை வட்டி கட்ட வேண்டும். வியாழன் மதியம் அவர் மனத்தில் ஓடுவது, "இன்னைக்கும் தலை வலிக்கும், சேலை முடியாது, பணம் வராது, நாளைக்கு அவங்க வாசல்ல வந்து நிப்பாங்க" என்ற தொடர். பயிற்சியாளர் 'கவலைப்படாதீர்கள்' என்று சொல்வதில்லை. அந்தத் தொடரைத் தாளில் எழுதவைத்து, ஒவ்வொரு கண்ணியும் எவ்வளவு நிச்சயம் என்று கேட்கிறார். எங்கே ஒரு காரியம் செய்ய இடம் இருக்கிறது என்று தேடுகிறார்கள். தவணை நாளை ஒரு நாள் தள்ளிக் கேட்கலாமா? வியாழன் மதியம் முடிச்சு வேலையை மகளிடம் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாமா? நடத்தைச் சிகிச்சை என்று மருத்துவம் அழைப்பது இந்த மூன்றின் கூட்டுத்தான்: தளர்த்தப் பழகுவது, எண்ணத் தொடரைப் பிடிப்பது, செய்யக்கூடிய மாற்றத்தைச் செய்வது.

எதை மாற்ற முடியாது என்பதையும் பயிற்சியாளர் அறிந்திருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுக் கரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த ஊர் இது. 2025 மே மாதம் ஆற்றங்கரைக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் தொலைவில் உள்ள அடுக்குமாடிகளுக்குப் போன ஊர். வீட்டை இழந்தவரிடம் 'மூச்சை இழுத்து விடுங்கள்' என்று மட்டும் சொல்வது அவரை அவமதிப்பது. வலியைக் குறைக்கும் பயிற்சி அவருக்கும் உரியதுதான். வலிக்கு அவரே பொறுப்பு என்ற தொனி அதில் ஒரு சொல்லிலும் வரக் கூடாது.

யோகா போதாதா?

இந்தக் கேள்வி நம் ஊரில் வராமல் இராது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் காளியப்பனும் லதாவும் இறுக்கத் தலைவலி, மைக்ரேன் இரண்டுக்கும் யோகப் பயிற்சியைச் சோதித்து 1992-இல் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு வலியும் மாத்திரையும் குறைந்தன. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை 2020-இல் வெளியிட்ட ஆய்வு பெரியது: 114 மைக்ரேன் நோயாளிகள், மருந்து மட்டும் ஒரு பக்கம், மருந்தும் யோகாவும் மறு பக்கம். சேர்த்துச் செய்தவர்களுக்கே தலைவலி அதிகம் குறைந்தது. அது மைக்ரேனைப் பற்றியது என்பதால் இறுக்கத் தலைவலிக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் 'மருந்தோடு பயிற்சியும்' என்ற விடை இங்கேயும் வருவதைப் பாருங்கள். சவாசனத்தை ஒழுங்காகக் கற்றவர் ஜேக்கப்சனின் பயிற்சியில் பாதியை ஏற்கெனவே அறிந்தவர். குறிப்பேடும், வியாழக்கிழமையைக் கண்டுபிடிக்கும் அந்த விசாரணையும்தான் யோகா வகுப்பில் கிடைக்காத மறுபாதி.

அனகாபுத்தூரில் நடத்த வேண்டுமென்றால்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வீடாகப் போகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தருகிறார்கள். இயன்முறைப் பயிற்சியும் உண்டு. மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' என்ற 14416 எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். மூன்று அமர்வு, இரண்டு அழைப்பு என்ற அமைப்பு இந்த இரண்டுக்கும் நடுவே கச்சிதமாகப் பொருந்தும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கேசட்டின் இடத்தில் கைப்பேசியில் இருபது நிமிடத் தமிழ் ஒலிப்பதிவு, மேடைத் தமிழில் அல்லாமல் பேச்சுத் தமிழில். குறிப்பேட்டின் இடத்தில் தினசரிக் காலண்டர். கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் நான்கு எண்கள். பயிற்சி பெற்ற ஒரு செவிலியர். மருந்தும் தேவைப்படுகிறவருக்குச் சீட்டு எழுத ஒரு மருத்துவர். தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போகும் என்பதால் அமர்வுகள் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ இருக்க வேண்டும்.

அந்தச் செவிலியருக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். பயிற்சியின் பலன் மருந்தைப்போல முதல் மாதத்தில் வராது. இரண்டு மாத்திரையில் அரை மணியில் இறங்கிய வலியைப் பழகியவருக்கு அந்த முதல் மாதம் நெடியது. 'எனக்கு இது பலிக்கவில்லை' என்று அவர் முடிவு கட்டினால், 1984-இல் சுமார் என்று சொன்ன திரையின் முன் உட்கார்ந்தவர்களின் நிலைதான் அவருக்கும். ஆகவே மூன்றாம் வாரத்தில் வலி குறையாமல் இருப்பது எதிர்பார்த்ததுதான் என்று முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும். அந்த வாரம் அவர் என்ன கற்றிருக்கிறார் - தாடை இறுகுவது தெரிகிறதா, தோளை இறக்க முடிகிறதா - என்று கேட்டு, அதைக் குறிப்பேட்டில் வலி எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதவைக்க வேண்டும். இரண்டு தொலைபேசி அழைப்புகளில் ஒன்றை நான்காம் வாரத்துக்கென்று ஒதுக்கி வைப்பது நல்லது.